எல்ம் மரம் வரை நாற்பது கோல்

பூட்டுப் போடாமல்தான் போனார்.
"வாடகை மாதாமாதம் வரும், மிஸ் டாலன்.
அடுப்பை மட்டும் அணைய விடாதீர்கள்."
எனக்கு அப்போது இருபத்தாறு வயது.
வாஷிங்டனில் போட்டுக்கொள்ள அவரிடம் தொப்பி இல்லை.
பலசரக்குக் கடைக்காரர் கடனுக்கு ஒன்று கொடுத்தார்.

அதற்கு முன் பதினோரு வருடம்,
அதில் ஆறு நான் கண்ணால் பார்த்தது:
மாவு மில்லுக்கு மேலே அலுவலகம்,
மரப்படி ஏறி வழக்குகள் வரும்.
வேலி தாண்டிய மாடு.
ரயில் எஞ்சினின் பொறி பட்டு எரிந்த வைக்கோல்.
அப்பாவைப் புதைத்த மறுநாளே
பேச்சை நிறுத்திக்கொண்ட அண்ணன் தம்பி.
கட்டணம் முட்டையாக வரும், உருளைக்கிழங்காக வரும்.
ஒரு விவாகரத்துக்கு அரைப் பன்றி வந்தது.
மறு பாதி
மனைவியின் வக்கீலுக்குப் போனது.

ஹால்வார் ரைஸ்டாட் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை.
தானியக் கிடங்கின் தராசை
நாலு பேரை விட்டுத் தூக்கி வரச் செய்து
ஜூரிகள் முன்னால் வைத்து
தன் பூட்ஸைக் கழற்றி எடை போட்டார்.
ஐந்து பவுண்டு பூட்ஸை மூன்று என்றது தராசு.
ஜூரிகள் பார்த்தது தராசை அல்ல,
அவர் காலுறையின் ஓட்டையை.
அந்த ஓட்டைதான் அவரை வாஷிங்டனுக்கு அனுப்பியது
என்று இன்றும் சொல்வேன்.

ஆற்றங்கரை நிலங்களுக்கு அவர் எழுதிய பத்திரங்கள்
நூற்றுப் பதினேழு.
எல்லாம் என் விரல்கள் வழியே போனவை.
"ஆறு வளையும் இடத்துக் கல்லிலிருந்து வடக்கே,
எல்ம் மரம் வரை நாற்பது கோல்."
அது ஷாட்ஸ் குடும்பத்து நிலம்.
தட்டச்சு செய்யும்போது ஒருமுறை
நாற்பதை நாலு என்று அடித்துவிட்டேன்.
அவர் சிரித்துவிட்டுப் புதுத் தாள் கொடுத்தார்.

அங்கிருந்து வாரம் ஓர் உறை வரும்.
அச்சடித்த பேச்சு, அதன் ஓரத்தில் பென்சிலில்:
"ஃபைஃபரின் கிணறு என்ன ஆயிற்று?"
சில வருடத்தில் பென்சில் போய் மை வந்தது.
மையும் போய்
ரப்பர் முத்திரைக் கையெழுத்து வந்தது.
வாடகை மட்டும் தேதி தவறவில்லை.

பிறகு அந்த அணை மசோதா.
சபைப் பதிவேட்டில் தேடிப் படித்தேன்.
முன்பின் தெரியாத இரண்டு பெயர்களுக்கு நடுவே
ரைஸ்டாட்: ஆம்.
கீழ்க்கரை நகரங்களுக்கு இனி வெள்ளம் இல்லை என்றார்கள்.
இல்லைதான்.
எங்கள் ஊருக்கும் மின்சாரம் வரும் என்றார்கள்.
வந்தது. அந்த விளக்கின் கீழ்தான்
இதை எழுதுகிறேன்.

நிலம் எடுக்க அதிகாரிகள் வந்த கோடையில்
அவரும் வந்தார்.
மரப்படி ஏறி, மூச்சு வாங்க,
பத்திரங்களின் கார்பன் நகல்களைக் கேட்டார்.
நாலு மாதம் அலுவலக பெஞ்சிலேயே படுத்தார்.
தான் கை தூக்கிக் கொண்டுவந்த சட்டத்தோடு
தானே மல்லுக்கு நின்று
ஏக்கருக்குப் பதினொரு டாலர் கூட்டி வாங்கினார்.

க்ளோத்தில்ட் ஷாட்ஸ் கையெழுத்துப் போட்டாள்.
மேசை மேல் முட்டைக் கூடையை வைத்தாள்.
"கட்டணம்" என்றாள்.
அவர் தொடவில்லை.
அவள் திரும்ப எடுக்கவுமில்லை.
மூன்றாம் நாள் நான்தான் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பொரித்தேன்.
இரண்டு கெட்டிருந்தன.

நவம்பரில் தோற்றார்.
நானும் அவருக்குப் போடவில்லை.
தெரிந்திருக்கும். வந்து
அடுப்பைப் பற்றித்தான் விசாரித்தார்.

தண்ணீர் நிரம்பிய இரண்டாம் வருடம்
வாடகைப் படகில் என்னை அழைத்துப் போனார்.
கரை தெரியாத இடத்தில் துடுப்பை நிறுத்தி
வெகுநேரம் கீழேயே பார்த்துக்கொண்டிருந்தார்.
"இங்கேதான் இருக்கும், எல்ம்."

"இல்லை" என்றேன்.
"இன்னும் கொஞ்சம் வடக்கே."