498

புர்க்டோர்ஃப் பாண் தொழிற்சாலை.
வாசல் பலகையில்: விபத்தில்லா நாட்கள் 498.
ஐந்நூறானால் எல்லோருக்கும் ரக்லெட் விருந்து.
அடுப்புகள் ஏற்கெனவே வந்துவிட்டன,
அலுவலக மூலையில் பெட்டி பிரிக்காமல்.

அதிகாலை மூன்றரை.
மூன்றாம் பெல்ட்டில் பெஸ்னிக்கின் சுண்டுவிரல்.
அவன் கத்தவில்லை.
மாவுக் கையால் வாயைப் பொத்திக்கொண்டு
"ரெண்டே நாள், வாயைத் திறக்காதே" என்றான்.
நீலப் பிளாஸ்டரை நான்தான் சுற்றினேன்.
தரையையும் நான்தான் துடைத்தேன்.
மாவில் ரத்தம்
எவ்வளவு சீக்கிரம் பழுப்பாகிவிடுகிறது.

அந்தப் பெல்ட்டின் மூடியைக் கழற்றியது மார்ச்சில்.
கழுவ வசதி, பத்து நிமிடம் மிச்சம்.
திருகாணிகள் யன்னலோரம் ஜாம் போத்தலில்.
தினமும் பார்த்தோம்,
தேநீர் ஊதிக் குடிக்கும்போதுகூட.

ஆறு மணிக்குப் படிவத்தில் எழுதினேன்,
என் பிழை மலிந்த ஜெர்மனில்.
ஏஷ்லிமன் அம்மையார் இருமுறை படித்தார்.
எழுந்து போனார்.
பலகையில் 0.

மறு இரவு இடைவேளையில்
என் மேசைக்கு யாரும் வரவில்லை.
கட்டுப்போட்ட கையோடு பெஸ்னிக்
அடுத்த மேசையில்.

மெக்கானிக் போத்தலைக் குலுக்கினான்.
"மூன்றுதான் இருக்கு. நாலாவது எங்கே?"

முதலில் குனிந்தது பெஸ்னிக்.
பிறகு எல்லோரும் தேடினோம்,
ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல்.