மேகம்: பூஜ்யம் சதவீதம்

தேதி கேட்கிறது, கொடுக்கிறேன்.
எவ்வளவு மேகம் பொறுப்பாய் என்கிறது அடுத்து.
ருவைஸில் அந்தக் கேள்விக்கு வேலையில்லை.

ராத்திரி ஷிப்ட் போனவர்களின் கட்டில்கள் காலி.
தூங்குகிறவன் முகத்தில் வெளிச்சம் விழாதபடி
போர்வைக்குள் பூமியை வைத்துக்கொண்டு
விரலால் இழுக்கிறேன்.
கடல் வருகிறது. குழாய்கள். எண்ணெய்த் தொட்டிகள்,
அட்டையிலிருந்து பிதுக்கி அடுக்கிய மாத்திரைகள்போல.
நிறப்பட்டையை மாற்றினால் பச்சையெல்லாம் சிவக்கும்:
கரையோரத்து அலையாத்தி சிவப்பு,
அதிகாரிகள் குடியிருப்பு நல்ல சிவப்பு,
எங்கள் முகாமில் ஒரே ஒரு கீறல்,
கழிவுநீர்க் குழாய் கசியுமிடத்தில்
யாரும் நடாத நாணல்.

ஒரு புள்ளிக்குப் பத்து மீட்டர், நீளமும் அகலமும்.
அதற்குள் மூன்று அறை, பதினெட்டுக் கட்டில்,
குல் ஜமானின் குறட்டை,
தேவ் பகதூர் ஆணியில் மாட்டிய ஹெல்மெட்.
பெரும்புள்ளி என்று யாரையாவது சொல்கிறார்களே,
அவருக்கும் இதே அளவுதான் போலிருக்கிறது.

ஐந்து நாளுக்கு ஒருமுறை
காலை பத்தே முக்காலை ஒட்டிக் கடக்கிறது செயற்கைக்கோள்.
அது எங்கள் விடுமுறையில் வந்து விழும்வரை
அட்டவணையைப் பார்த்துக் காத்திருந்தோம்.
ஸ்டோரில் கழித்துப்போட்ட நீலத் தார்ப்பாய் நான்கு.
ஸ்டோர்கீப்பர் நான்தான்; கழித்ததும் நானே.
மெஸ்ஸுக்குப் பின்னால் மணலில்
இருபதுக்கு இருபது விரித்தோம்.
காற்று தூக்கியது.
மூலைக்கு இரண்டு பேர் உட்கார்ந்தோம்
பத்தரையிலிருந்து பதினொன்று வரை,
எதுவென்று தெரியாத ஒரு நொடிக்காக.
மேலே பார்த்தோம். ஒன்றுமில்லை.
ஒரே ஒரு விமானம், அதுவும் தோஹா பக்கம்.

கேம்ப் பாஸ் வந்து என்ன இது என்றார்.
காயப்போட்டிருக்கிறோம் என்றான் சித்திரவேல்.
எதை என்று அவர் கேட்கவில்லை.

படம் மறுநாள் ஏறியது.
பழையது இடப்பக்கம், புதியது வலப்பக்கம், நடுவில் கோடு.
தள்ளித் தள்ளிப் பார்த்தோம்.
நான்கு புள்ளி எதிர்பார்த்த இடத்தில்
ஒன்று நிச்சயமாகக் கறுத்திருந்தது.
இன்னொன்று, நம்பினால்.
என் மூலை என்றான் குல் ஜமான்.
மெஸ் கூரையின் நிழல் என்றான் பகதூர்.
பத்தே முக்கால் வெயிலுக்கு நிழல் எந்தப் பக்கம் விழும்?
சோறு ஆறும்வரை சண்டை.

ஆறு வாரத்தில் குல் ஜமானை வேறு சைட்டுக்கு மாற்றிவிட்டார்கள்.
தார்ப்பாய்கள் சிமெண்ட் மூட்டைகளுக்குப் போயின.
நான் கோட்டைத் தள்ளுகிறேன்.
இருக்கிறது.
இல்லை.
இருக்கிறது.
அகச்சிவப்பில் பார்த்தால்
ஆலைச் சுடர் மட்டும் எல்லாத் தேதியிலும் எரிகிறது.

இன்றைக்கும் அது கடக்கிற நாள்.
லாரியிலிருந்து வால்வுப் பெட்டிகள் இறக்கிக்கொண்டிருந்தவன்
கணக்கு நோட்டை மூடாமலே
கொட்டகை நிழலைவிட்டு இரண்டடி
வெளியே வந்து நின்றேன்.