தரிசுப்புல் மாதம்

ஆகஸ்டு கடைசியில் திஸா நதிக்கரை முழுக்க
தரிசுப்புல் பூத்து மகரந்தம் பறக்கிறது.
செகெட் நகரமே மூக்கைச் சிந்துகிறது.
டிராம் ஓட்டுநர், மீன்கடைக்காரி, பூசை நடுவே பாதிரியார்,
முகமூடிக்குள் நான்.

அடித்தளத்தில், எலிகளின் அறைக்கு அடுத்த அறையில்
உட்கார்ந்து எண்ணுவது என் வேலை.
விரல்நீளக் குடலை வகிர்ந்து
மெழுகுத்தட்டில் ஊசி குத்தி விரித்து
உருப்பெருக்கிக்குக் கீழே கட்டிகளை எண்ணுகிறேன்.
கசகசா, கடுகு, ஒரேயொரு மிளகு
என்றெல்லாம் குறிப்பேட்டில் எழுதக்கூடாது.
மில்லிமீட்டரில் எழுதுகிறேன்.

நான்காம் கூண்டின் எலிகளுக்கு
ஹிஸ்டமின் செய்யத் தெரியாது.
அதற்கான மரபணுவை நாங்கள்தான் பிடுங்கிவிட்டோம்.
பிறகு குடலைப் புண்ணாக்கும் தண்ணீரையும் வைத்தோம்.
ஒன்பது. பதினொன்று. பதினான்கு.
எதையும் பிடுங்காத ஆறாம் கூண்டில்
மூன்று, ஐந்து, மறுபடி மூன்று.
கூட்டிப்போடும்போது தும்மினேன்.
அவற்றிடம் இல்லாத சரக்கு
என்னிடம் மூக்கு வழியே வழிந்தது.

பிறகு, தயிரில் வாழ்பவைக்குத் தாயாதியான ஒரு நுண்ணுயிரை
நான்காம் கூண்டுக்குச் சொட்டுச் சொட்டாக ஊட்டினோம்.
அது தீனியிலிருக்கும் ஹிஸ்டிடினைத் தின்று
ஹிஸ்டமினாக்கிக் குடலுக்குள் விடுகிறது.
செல்களின் சுவரில் இரண்டாம் எண் கதவு என்று ஒன்று.
அதைத் தட்டினால்
உள்ளே கொதித்துக்கொண்டிருந்தது அடங்குகிறது.
கட்டிகள் குறைந்தன.
எமெகேவின் விரல்களுக்கு இனி ஓய்வு என்று
போகாச்சா ரொட்டி வாங்கித் தந்தார்கள்.

அந்த வாரமே மாடியிலிருந்து மனிதத் துண்டுகள் வந்தன.
அறுத்தெடுத்த பெருங்குடல் கட்டிகள்.
சாயம் ஏற்றினால் அதே நொதி, பழுப்பாக,
பக்கத்து நல்ல சதையில் இருப்பதைவிட அடர்த்தியாக.
இங்கே தானே காய்ச்சிய ஹிஸ்டமினை வைத்து
கட்டி தனக்கென்று இரத்தக்குழாய் இழுத்துக்கொள்கிறதோ என்னவோ.
டப்பாவில் மீதி ரொட்டி காய்ந்துகொண்டிருந்தது.

கூண்டு கழுவும் ஜொம்போர்
ஜூனில் ஒரு சாண் குடலை மாடியில் விட்டுவிட்டு வந்தவன்.
துண்டுகளில் எது அவனுடையது என்று கேட்டதில்லை.
கேட்டாலும் எனக்குத் தெரிவது எண் மட்டும்.
அவன் கேட்டது வேறு:
"தும்மலுக்கு நீ போடுகிறாயே ஒரு மாத்திரை,
அதை நான் போடலாமா, கூடாதா?"

சொன்னேன். அந்த மாத்திரை அடைப்பது ஒன்றாம் கதவை,
எலிகள் பேசுவது இரண்டாம் கதவைப் பற்றி,
நான்காம் கதவு வரை இருக்கிறது,
நீ எலியில்லை, உன் டாக்டரைக் கேள்.
"கேட்டேன்" என்றான்.
"கீழே உங்களைக் கேட்கச் சொன்னார்."

சிரிக்க வாயெடுத்தான், தும்மல் வந்துவிட்டது.
தையல் தெறித்துவிடுமென்ற பயத்தில்
மரத்தூள் மூட்டையை வயிற்றோடு இறுக்கிக் கட்டிக்கொண்டு
ஒரு கண்ணை மட்டும் மூடி
மெதுவாகத் தும்மப் பார்த்தான். அது முடிகிற காரியமா.

எங்களூரில் தும்மியவருக்குச் சொல்வதும்
கோப்பையை உயர்த்திச் சொல்வதும் ஒரே சொல்.
சொன்னேன்.
எந்த அர்த்தத்தில் என்று அவன் கேட்கவில்லை.
மூட்டையை இறக்கிவைத்துவிட்டு
ஏழாம் கூண்டைத் தள்ளிக்கொண்டு போனான்.
நாளைக்கு நான் எண்ணவேண்டியவை
அதற்குள் புதுத் தூளைக் கிளறிக்கொண்டிருந்தன,
ஒன்று பின்காலால் காதைச் சொறிந்தபடி.