தலைகீழ் எழுத்து

அவள் கதையை முதலில் படித்தவன் நான்.
தலைகீழாக,
இடக்கையில் கோப்புச்சட்டம்,
வலக்கை விரல் நுனியில் ஈயக் கறுப்பு.

‘எம். ஸ்டிராங்’ என்று கையெழுத்து.
தாடி வைத்த ஆளென்றே நினைத்திருந்தேன்.
மளிகை ரசீதுகளின் பின்பக்கத்தில் வரும் கதை.
திருப்பினால்
மாவு இரண்டு மூட்டை, கடன்;
மண்ணெண்ணெய், கடன்;
காலணி, குழந்தைக்கு, ஒரு ஜோடி, கடன்.
மை தீர்ந்த வாரங்களில் தேயிலைச் சாயம் கலந்திருக்கும்,
வாக்கியம் போகப்போக வெளிறும்.
ஜன்னலோரம் கொண்டுபோய்ப் படிப்பேன்.

பத்திக்கு நாலு ஷில்லிங்.
மூன்று மாதம் பாக்கி.
ஒருநாள் ஆசிரியர் மேசைமுன் வந்து நின்றாள்
கெசியா லோவாட்,
பொன் உரசிப் பார்த்தவனின் விதவை,
பாவாடை ஓரமெல்லாம் சுரங்கச் சேறு.
“ஸ்டிராங் ஊரில் இல்லையா?” என்றார் ஆசிரியர்.
“இருக்கிறார். பசியோடு இருக்கிறார்.”

ஒரு வாரம் அத்தியாயம் வரவில்லை.
மறுவாரம் வந்தது.
நாலு வாரமாய்க் காய்ச்சலில் கிடந்த கதைக் குழந்தை
எழுந்து உட்கார்ந்து ரொட்டி கேட்டது.
வாசகர்கள் நன்றி சொல்லி எழுதினார்கள்.
நான் ரசீதைத் திருப்பினேன்:
பைன் பலகை, மூன்றடி, கடன்.

லண்டனில் அது புத்தகமானது, மூன்று பாகம்.
போக நூறு நாள், வர நூறு நாள்,
பிறகு மெல்போர்னிலிருந்து கோச்சு வண்டி.
டிசம்பர் மாதம். இரண்டாம் பாகத்தை
என் மேசையில் திறந்து வைத்தாள்.
வெளியே செம்புழுதிக் காற்று,
கூரைத் தகரம் சூட்டில் முறிகிற சத்தம்,
தண்ணீர் வண்டிக்காரன் குவளைக்கு விலை சொல்கிறான்.
உள்ளே அவள் கதாநாயகி
கிறிஸ்துமஸ் பனியில் கால் புதைய நடக்கிறாள்.
யூக்கலிப்டஸையெல்லாம் ஓக் மரமாக்கியிருந்தார்கள்.
“ஜேபஸ், இவளுக்குக் குளிருகிறதாம்.”
கழுத்தில் வியர்வை வழியச் சிரித்தாள்.
அந்தச் சிரிப்பு நிற்க நேரமாயிற்று.

இன்னொன்று.
‘நிலம் வெறுமையாகக் கிடந்தது’ என்று
முதல் அத்தியாயத்தில் எழுதியவளும் அவள்தான்.
கோத்தவன் நான்.
ஓடைக்கரையில் எழும் புகை
இரண்டு பேர் ஜன்னலிலும் தெரியும்.
பதினேழாம் அத்தியாயத்தில் திருத்தப் பார்த்தாள்.
அந்தப் புகைக்கடியில் இருந்தவளைப் பற்றி
மூன்றே வரி:
தன் மூதாதை மண்ணில் தன் பிள்ளையைப் புதைக்க
வேலி போட்டவனிடம் அனுமதி கேட்டு நின்றவள்.
ஆசிரியர் சிவப்பு மையால் அடித்தார்.
ஆட்டுப் பண்ணைக்காரர்கள்தான் எங்களுக்கு விளம்பரம்.

அவள் சண்டை போடவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.
ஷில்லிங்கை எண்ணி வாங்கிப் போனாள்.

அச்சான பின் எழுத்துகளைக் கலைத்து
அதனதன் அறையில் போடுவது என் வேலை.
அந்த மூன்று வரியை நான் கலைக்கவில்லை.
நூல் சுற்றி, இழுப்பறையில்,
புகையிலை டப்பாவுக்கு அடியில்.

பதினோரு வருடமாக எங்கள் பத்திரிகையில்
சில எழுத்துகள் போதாமல் போகின்றன.
ஆசிரியர் எலிகளைத் திட்டுகிறார்.