நாற்பத்தோராவது குப்பி

தொனோஸ்தியாவில் தூறலுக்குச் சிரிமிரி என்று பெயர்.
பெய்கிறதா இல்லையா என்று சண்டை போடலாம்,
முடிவதற்குள் சட்டை நனைந்திருக்கும்.
அப்படி ஒரு மாலையில்
குடையில்லாமல் வந்தாள் கராஸி,
கோட்டுப் பையில் ஒரு குப்பி.

அடித்தளத்தில் எலக்ட்ரான் நுண்ணோக்கிக்குக் காவல் நான்.
பகலில் யாரோ சிமென்ட் பார்க்கிறார்கள், யாரோ வைரஸ்.
இரவு எட்டுக்கு மேல் கராஸியின் தங்கம்.

தங்கம் என்றதும் மஞ்சளை நினைக்காதீர்கள்.
இருபது நானோமீட்டருக்குச் சிறுத்துவிட்டால்
தங்கம் மாதுளைச் சாறு.
ஒவ்வொரு மணிக்கும் தலைநிறைய முடி:
பாலிஸ்டைரீன் இழைகள்,
ஒரு முனையைக் கந்தகத்தால் உலோகத்தில் ஊன்றி
மறுமுனையைக் கரைப்பானில் அலையவிட்டு.
முடி விரிந்திருக்கும்வரை
எவரும் எவரையும் நெருங்குவதில்லை.

பிறகு தண்ணீர்.
அந்த முடிக்குத் தண்ணீர் என்றால் ஆகாது.
சுருங்கும், ஒடுங்கும்,
பக்கத்தில் இருப்பது எதுவானாலும்
அதன் தோளில் முகம் புதைக்கும்.
ஒன்று இரண்டாகும், இரண்டு நான்காகும்,
போதும் என்று சொல்ல ஆளில்லாவிட்டால்
நானூறு, நாலாயிரம்,
அடியில் கறுப்பு வண்டல்.

அப்படி நாற்பது குப்பிகள்.
நாற்பதையும் நான் பார்த்தேன்,
திரையில் கரி அள்ளிக் கொட்டியதுபோல்.
பதினேழாவதில் மட்டும் ஒரு முக்கோணம்.
தூசியாக இருக்கலாம் என்றேன்.
ஒரு வாரம் அவள் என்னோடு பேசவில்லை.

நாற்பத்தொன்றின் அன்று சொட்டு இயந்திரம் பழுது.
கையால் விட்டாளாம்.
ஞாயிறுகளில் விரிகுடாவில் துடுப்புப் போடுகிறவள்,
படகில் பதின்மூன்று பேர், ஒரு சுக்கானி.
துடுப்பு இறங்கும் தாளத்தை வாய்க்குள் எண்ணி
நான்கு இழுப்புக்கு ஒரு சொட்டு.
சிவப்பு ஊதாவாகி
ஊதா நீலத்தை எட்டிப்பார்த்த நொடியில்
இன்னொரு பாலிமரை ஊற்றினாள்,
எண்ணெயிடம் ஒரு பேச்சு, தண்ணீரிடம் ஒரு பேச்சு என்று
இரட்டை நாக்கு கொண்டது.
அது கொத்துகளைச் சுற்றிக் கதவடைத்தது.
பிறகு எழுபது டிகிரியில் ஒரு மணி நேரம்,
உள்ளே இருப்பவை
புரண்டு படுத்து இடம் பார்த்துக்கொள்ள.

"பதம் எப்படித் தெரிந்தது?"
"தெரியவில்லை. கை நின்றது."

செப்பு வலையில் ஒரு துளி.
பம்பு காற்றை உறிஞ்சி முடிக்கும்வரை
படிக்கட்டில் உட்கார்ந்து
ஆறிப்போன உருளைக்கிழங்கு ஆம்லெட்டைத் தின்றோம்.
இரண்டு பேருக்கும் ஒரே முள்கரண்டி.

இரண்டு.
இன்னொரு இரண்டு.
மூன்று, முக்கோணம், தூசி இல்லை.
நான்கு, மூன்றின் மேல் ஒன்று ஏறி அமர்ந்து.
ஆறு.
ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது
இங்கே செல்லாது.
இருநூற்றுப் பன்னிரண்டு கொத்துகளையும் எண்ணினேன்,
கடைசி பஸ் போன சத்தம் கேட்டும் எண்ணினேன்.

ஓரத்தில் பதின்மூன்று.
நடுவில் ஒன்று, சுற்றிப் பன்னிரண்டு.
கராஸி திரையில் விரல் வைத்தாள்
(வைக்கக் கூடாது, நான் சொல்லவில்லை).
"எங்கள் படகு" என்றாள்.
கொஞ்ச நேரம் கழித்து,
"நடுவில் உட்கார்ந்திருப்பது யார்?"

பெரிதாக்கினேன்.
மணிக்கும் மணிக்கும் நடுவே
நூலாய் ஒரு வெளிச்சம்,
இரண்டு நானோமீட்டர்.
அத்தனை நெருக்கத்திலும்
தங்கம் தங்கத்தைத் தொடவில்லை.
பட்டும் படாமலும் என்று பேச்சுக்குச் சொல்வோம்,
அதற்கு ஓர் அளவு உண்டென்று
அன்றுதான் பார்த்தேன்.
அந்தச் சந்தில் இடறித்தான்
ஒளி நீலமாகிறதாம்.

படத்தின் மூலையில் எதிலும் சேராத ஒற்றை மணி.
வெட்டிவிடவா என்றேன்.
இருக்கட்டும் என்றாள்.

அடுத்த வியாழன் நாற்பத்திரண்டு.
அதே தங்கம், அதே கை, அதே எண்ணிக்கை.
கறுப்பு வண்டல்.
ஏன் என்று கேட்டேன்.
குப்பியை விளக்குக்கு நேரே பிடித்து
ஒரு முறை குலுக்கிப் பார்த்துவிட்டு,
"இன்றைக்கு வெயில்" என்றாள்.