பட்டியலில் இரண்டு போஜன்

இரவு ஒன்பதரைக்கு மேல்மாடியிலிருந்து
ரோஸ்லின் கூப்பிட்டாள்.
நான் கீழே கலர் சார்ட்டர் பக்கத்தில்,
ஒரு காதில் பஞ்சு, ஒரு காதில் போன்.
"மாதி போகமாட்டேங்கிறாங்க" என்றாள்.

கட்டபெட்டு முழுக்க மூடுபனி.
காலை எட்டு மணிக்குள்
இந்த மாதம் இலை போட்டவர்களின் பணப்பட்டியல் வேண்டும்.
மொத்தம் முந்நூற்றுப் பன்னிரண்டு பெயர்கள்.
பைதான் தொடங்கிப் பதினோரு நாள்தான் அவளுக்கு,
ஆனாலும் லூப் எழுதியிருந்தாள்:
ஒவ்வொரு பெயராகப் போ,
எடைப் பட்டியலில் அந்தப் பெயர் இல்லையா, நீக்கு.

மல்லன் இலை போடவில்லை. நீங்கிவிட்டார்.
அடுத்த வரி மாதி.
அவர் தோட்டத்தில் காட்டெருமை புகுந்து
ஒரு கிலோகூடத் தேறவில்லை.
பட்டியலில் மட்டும் அசையாமல் இருக்கிறார்.
"கம்ப்யூட்டருக்கு இவங்கமேல மட்டும் என்ன பாசம்?"

எடைமேடை வரிசையை நினைச்சுக்கோ, என்றேன்.
நீ ஓரமாக நடந்து ஆள் பார்க்கிறாய்.
முகத்தை வைத்து அல்ல,
தரையில் போட்ட கோட்டை வைத்து:
ஒன்றாம் கோடு, இரண்டாம் கோடு.
நாலாம் கோட்டில் மல்லனை வீட்டுக்கு அனுப்பினாய்.
பின்னால் நின்ற மாதி ஓரடி நகர்ந்து
நாலுக்கு வந்துவிட்டார்.
நீ ஐந்துக்குப் போய்விட்டாய்.

கொஞ்ச நேரம் சத்தமில்லை.
"அடப்பாவி."
யாரை?
"என்னைத்தான்."

நடந்துகொண்டிருக்கும் வரிசையில் கை வைக்காதே.
பக்கத்தில் வெறும் பட்டியல் ஒன்று திற.
இலை போட்டவரை மட்டும் அதில் சேர்.
"விரட்டுறதுக்குப் பதிலா கூப்பிடுறது"
என்று முணுமுணுத்தபடி தட்டினாள்.

இஃப் முன்னால் வருவதுதான் அவளுக்கு இன்னும் இடறல்.
வந்தால், போட்டால், இருந்தால்:
நாம் பேசும்போது நிபந்தனை வாலில் ஒட்டும்,
இங்கே தலையில் கட்ட வேண்டும்.
முற்றுப்புள்ளிக்கு வழியில்லாமல்
இரண்டு புள்ளி வைத்து, உள்ளே தள்ளி எழுத வேண்டும்.
நாலு இடம். மூன்று தள்ளினால் கோபித்துக்கொள்ளும்.

ஓட்டினாள்.
மாதி போயிருந்தார்.
கைதட்டல் போனில் கேட்டது, பிறகு நின்றது.
"போஜனும் இல்லையே."

போஜன் நானூற்றுப் பதினெட்டு கிலோ.
முதல் தடவையே காணாமல் போயிருக்கிறார்.
நாங்கள்தான் மாதியையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

படியேறிப் போனேன்.
இரண்டு பட்டியலையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தோம்.
அதே போ. அதே ஜ. அதே ன்.
இடைவெளி எதுவும் ஒட்டியிருக்கிறதா என்று தேய்த்துப் பார்த்தோம்.
சமமா என்று கேட்டால் இல்லை என்கிறது.
"நீளம் கேளு" என்றேன்.

ஒன்றுக்கு ஐந்து. இன்னொன்றுக்கு ஆறு.

"மூணெழுத்துப் பேரு!" என்று
திரையின் மேல் விரல் வைத்து எண்ணினாள்.

ஆபீஸ் கம்ப்யூட்டரில் கொம்பும் காலும்
ஒரே தட்டலில் ஒட்டிப் பிறந்தவை.
எடைமேடை போனில் கொம்பு தனி, கால் தனி,
பக்கத்தில் நின்று ஒன்றுபோல் நடிக்கின்றன.
நம் கண் சேர்த்து வாசித்துக்கொள்கிறது.
அது எண்ணுகிறது.

இரண்டையும் ஒரே உருவுக்குக் கொண்டுவர ஒரு வரி,
லூப்புக்குள், இஃப்புக்கு முன்னால்.
அவளே தேடி அவளே எழுதினாள்.
போஜன் வந்தார்.
கூடவே ஜோகி, கோமதி, பொன்னுசாமி,
நாங்கள் தேடவே தேடாத இன்னும் ஒன்பது பேர்.

பிரிண்டர் சூடாவதற்குள் கீழே இறங்கினேன்.
சார்ட்டர் தன்பாட்டுக்கு ஓடியபடி இருந்தது.
விழும் ஒவ்வொரு துகளையும் கேமரா பார்க்கிறது,
நார் என்று பட்டால் ஒரு ஊது.
ஆறு வருஷமாக நான் பார்ப்பது
தூள் விழும் பக்கத்தைத்தான்.
அன்றைக்கு நார்ப்பெட்டிக்குள் கைவிட்டு அள்ளி
விளக்கடியில் விரித்தேன்.

கொஞ்சம் தூள் இருந்தது.