ஆண்டறிக்கை

படிவத்தில் பன்னிரண்டு கட்டங்கள்.
இரத்ததானம்: நாற்பத்தொரு பை.
கண் பரிசோதனை: எழுபது மூக்குக்கண்ணாடி.
பீலிக்கரைச் சிரமதானம், படம் இணைப்பு;
படத்தில் மண்வெட்டி பிடித்திருக்கும் தலைவர்
படம் எடுத்ததும் அதைக் கீழே வைத்துவிட்டார்.

மண்சரிந்த ராத்திரி
புஸ்பகாந்தியைக் கம்பளியில் கிடத்தி
மேட்டு லயத்திலிருந்து ரோட்டுக்குத் தூக்கிவந்தோமே,
அதை எந்தக் கட்டத்தில் எழுத?
'இதர' என்று ஒன்றிருந்தது, ஒரு விரல் அகலம்.
பிரசவம், ஒன்று
என்று எழுதினேன்.

அட்டனில் கேடயம் தந்தார்கள்.
சங்கத்தின் பெயரில் ஓர் எழுத்துப் பிழை.
வைக்க இடமில்லை;
பால் சேகரிக்கும் நிலையத்தில்
தராசுக்குப் பக்கத்தில் நிற்கிறது.

நேற்றுப் புஸ்பகாந்தி வந்து
அதே தராசில் பிள்ளையை நிறுத்தாள்.
ஏழு கிலோ இருநூறு.
பொருளாளர் ரெஜினோல்ட்
சட்டைப்பையில் பேனாவைத் தேடினான்.